எண்ணைப் பார்த்த பிறகே எழுதுங்கள்: மீட்டர் ரீடிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

மின்சார மீட்டரில் ரீடிங் எடுக்கும் ஆளாகத்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு தண்ணீர் மீட்டர் பக்கம் போனேன். இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளை ரூட்டுக்கு அழைத்துப் போய்ப் பழக்குவது என் பொறுப்பு. வருகிறவர்களில் பலர் முதல் நாளே கேட்கும் கேள்வி: “ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர் முடிக்கணும்?” பதில் சொல்வதற்கு முன் அவர்களிடம் ஒரு சின்னக் கணக்கைக் கொடுப்பேன். உங்களுக்கும் அதையே கொடுக்கிறேன்.

ஒரு வீட்டில் போன முறை ரீடிங் 4650. இந்த முறை மீட்டர் 4871 காட்டுகிறது. அவசரத்தில் 4817 என்று அடித்துவிட்டீர்கள். 221 யூனிட் வர வேண்டிய இடத்தில் 167 வருகிறது. பில் குறைந்தால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை மீட்டரில் 5080. உண்மையில் ஓடியது 209 யூனிட்; பில்லில் விழுவது 263. இரண்டையும் கூட்டினால் அதே 430 தான் என்று தோன்றும். ஆனால் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறுகிற கட்டண முறை இருக்கும் இடத்தில், அந்த 263-இன் கடைசி யூனிட்டுகள் மேல்படி விலைக்குப் போய்விடலாம். 7-ம் 1-ம் இடம் மாறியதற்கு அந்தக் குடும்பம் காசு கட்டும்.

எத்தனை மீட்டர் முடிக்கணும் என்ற கேள்வியின் பதில் இடத்துக்கு இடம் மாறும். அடுக்கு வீடுகள் நிறைந்த ரூட்டில் எண்ணிக்கை தானாக ஏறும். வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கும் ரூட்டில் நடையே பாதி நாளைத் தின்றுவிடும். எண்ணைப் பார்த்த பிறகு, அடுத்த மீட்டருக்கு நகர்வதற்கு முன் இரண்டு மூன்று நொடி நின்று சரிபார்க்கிற பழக்கம் மட்டும் எல்லா ரூட்டுக்கும் பொது. அந்தப் பழக்கம் வந்தவர்கள்தான் நல்ல ரீடர்களாக ஆகிறார்கள். வேகம் அவர்களுக்குப் பின்னாலேயே வந்துவிடும்.

சேர்வதற்கு முன்

படிப்பு பெரிதாகத் தேவைப்படாத வேலை இது. பள்ளிப் படிப்பு, தப்பில்லாமல் கூட்டல் கழித்தல், ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிவது, நாள் முழுக்க நடக்கும் கால், நல்ல கண்பார்வை. கண்ணாடி போட வேண்டியவர்கள் தயங்காமல் போட்டுக்கொண்டு வாருங்கள். மங்கலாகத் தெரியும்போது 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும். பல இடங்களில் வண்டி ஓட்டும் உரிமமும் கேட்பார்கள். மற்றவர்களின் வீட்டு வளாகத்துக்குள் போகிற வேலை என்பதால் போலீஸ் சரிபார்ப்பும் இருக்கும்.

ஆள் எடுப்பது சில இடங்களில் மின்சார, தண்ணீர், கேஸ் நிறுவனமே. பல இடங்களில் ஒப்பந்தக்காரர் மூலம்தான். ஒப்பந்தத்தில் சேர்கிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் சில விஷயங்களை வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். சம்பளம் மாதத்துக்கா, ரீடிங் ஒன்றுக்கு இவ்வளவு என்றா? வீடு பூட்டியிருந்தால் அந்த நடைக்குக் கூலி உண்டா? பெட்ரோல், போன் டேட்டா யார் செலவு? நாய் கடித்தாலோ விழுந்து அடிபட்டாலோ மருத்துவச் செலவு யார் தருவது? அடையாள அட்டையை என்றைக்குக் கையில் தருவார்கள்? ஒரு ரீடிங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிற இடத்தில், பூட்டிய வீட்டுக்கு ஒன்றுமே இல்லை என்றால் எச்சரிக்கையாக இருங்கள். பார்க்காத மீட்டருக்கு எண் போடச் சொல்லி அந்த ஏற்பாடே ஆளைத் தள்ளும். நல்ல பிள்ளைகள் சிலர் அப்படித்தான் கெட்டார்கள்.

நேர்காணலில் மீட்டர் படங்களைக் காட்டி “இதில் ரீடிங் என்ன?” என்று கேட்பது வழக்கம். அதற்கு வீட்டிலேயே பயிற்சி எடுக்கலாம். தினமும் ஒரே நேரத்தில் உங்கள் வீட்டு மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் எவ்வளவு, துணி துவைத்த நாளில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, யாரும் இல்லாத நாளில் மின்சாரம் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். இரண்டு வாரத்தில் ஒரு வீட்டின் நாள் செலவு எந்த அளவில் இருக்கும் என்று மனதில் பதிந்துவிடும். அந்த அளவு தெரிந்தவருக்கு, தப்பான எண் கண்ணில் பட்டதுமே உறுத்தும்.

மீட்டரைப் படிப்பது

பழைய முள் மீட்டரிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் ரூட்டில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். ஆனாலும் இதைக் கற்றவர்களுக்கு மற்றதெல்லாம் சுலபம்.

முள் மீட்டரில் நான்கோ ஐந்தோ சின்ன வட்டங்கள் இருக்கும். உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்விச் சுற்றுவதால், ஒரு வட்டத்தின் முள் வலம் சுற்றினால் பக்கத்து வட்டத்தின் முள் இடம் சுற்றும். அதனால் ஒவ்வொரு வட்டத்திலும் எண்கள் எந்தப் பக்கமாக ஏறுகின்றன என்று பார்த்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். முள் இரண்டு எண்களுக்கு நடுவே நின்றால் சிறிய எண்ணை எடுக்க வேண்டும். 9-க்கும் 0-க்கும் நடுவே நின்றால் 9. புதியவர்கள் தடுமாறுவது, முள் ஓர் எண்ணின் மேலேயே நிற்பதுபோலத் தெரியும்போது. அப்போது வலப்பக்கத்து வட்டம்தான் பதில் சொல்லும். அது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் இந்த எண் செல்லும். தாண்டவில்லை என்றால் ஒன்று குறைக்க வேண்டும்.

ஓர் உதாரணம். இடமிருந்து முதல் முள் 2-க்கும் 3-க்கும் நடுவே. இரண்டாவது முள் கிட்டத்தட்ட 7-இன் மேல். மூன்றாவது 9-க்கும் 0-க்கும் நடுவே. நான்காவது 4-க்கும் 5-க்கும் நடுவே. ஐந்தாவது 8-இல். கண் போகிற போக்கில் படித்தால் 27948. ஆனால் மூன்றாவது முள் இன்னும் பூஜ்யத்தைத் தாண்டவில்லை. ஆக இரண்டாவது வட்டம் 7-ஐ எட்டவில்லை, 6-இல்தான் இருக்கிறது. சரியான ரீடிங் 26948. வித்தியாசம் ஆயிரம் யூனிட். வலமிருந்து இடமாகப் படித்துப் பழகுங்கள், இந்தத் தவறு வராது.

இங்கே ஒரு பழைய செய்தி. எனக்கு மிகவும் பிடித்தது. 1880களில் எடிசனின் மின் நிறுவனம் வைத்த மீட்டரில் முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. துத்தநாகக் கரைசலில் தகடுகள் தொங்கும். மின்சாரம் ஓட ஓட ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றதில் படியும். ஆள் வந்து தகட்டைக் கழற்றிப் போய் எடை போட்டால்தான் பில். வீட்டுக்காரருக்குத் தன் கணக்கைத் தானே பார்க்க வழியே கிடையாது. 1889-இல் ஹங்கேரியின் ஓட்டோ பிளாத்தி மாறுமின்னோட்டத்துக்கான தூண்டல் மீட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். வட்டத்தகடு சுழன்று எண்ணை நகர்த்தும் அந்த வகை நூறாண்டுக்கு மேல் வீட்டுச் சுவர்களில் ஓடியது. மீட்டரின் எண்ணை வீட்டுக்காரரும் படிக்கலாம் என்பது பெரிய விஷயம். நீங்கள் எழுதுவதை அவர் எப்போது வேண்டுமானாலும் வந்து சரிபார்க்க முடியும்.

அடுத்தது உருளை மீட்டர். வண்டியில் கிலோமீட்டர் ஓடுவதுபோல எண்கள் உருளும். கடைசி எண் சிவப்பு நிறத்திலோ சிவப்புக் கட்டத்துக்குள்ளோ இருந்தால் அது தசமம்; எழுதக் கூடாது. அதையும் சேர்த்து எழுதினால் ரீடிங் பத்து மடங்காகிவிடும். பாதி உருண்ட நிலையில் இரண்டு எண்கள் தெரிந்தால், போய்க்கொண்டிருக்கிற எண்ணை எடுங்கள், வந்துகொண்டிருக்கிற எண்ணை விடுங்கள். மீட்டர் முழுச் சுற்று முடித்துப் பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கவும் கூடும். ஐந்து இலக்க மீட்டரில் போன முறை 99870, இப்போது 00130 என்றால் ஓடியது 260. குறைந்துவிட்டதே என்று பதறி எண்ணை மாற்றிப் போடாதீர்கள். உள்ளதை எழுதி, சுற்று முடிந்தது என்ற குறியீட்டைப் போடுங்கள்.

டிஜிட்டல் மீட்டர் பார்க்கச் சுலபம், ஏமாறவும் சுலபம். திரையில் தேதி, நேரம், வோல்டேஜ், கரண்ட், மொத்த யூனிட், உச்சத் தேவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உங்களுக்கு வேண்டியது கிலோவாட் மணி (kWh); யூனிட் என்று நாம் சொல்வது அதைத்தான். ஓரத்தில் வரும் அலகைப் பார்க்காமல் எழுதியவர்கள் கிலோவோல்ட் ஆம்பியர் மணியை எழுதி வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டும் அருகருகே வரும், எண்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். பல மீட்டர்களில் திரையின் மூலையில் ஒரு குறியீட்டு எண்ணும் வரும். 1.8.0 என்றால் வீட்டுக்குள் வந்த மொத்த மின்சாரம். 2.8.0 என்றால் வீட்டிலிருந்து வெளியே போன மின்சாரம். கூரையில் சோலார் வைத்த வீட்டில் இரண்டையும் எழுத வேண்டும். இரண்டும் இடம் மாறினால் அந்த வீட்டுக்காரரின் கணக்கே தலைகீழாகும். திரையை ஒரு முழுச் சுற்று ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாவது சுற்றில் எழுதுங்கள்.

திரை இருண்டிருந்தால் மீட்டர் செத்துவிட்டது என்று உடனே குறிக்க வேண்டாம். முதலில் பட்டனை அழுத்துங்கள். தெருவில் மின்தடையா என்று பாருங்கள். மின்சாரம் இல்லாதபோதும் உள் பேட்டரியில் ரீடிங் காட்டும் மீட்டர்கள் உண்டு. மின்சாரம் இருந்தும் திரை வரவில்லை என்றால்தான் பழுது. முகப்பில் மினுக்கும் சின்ன எல்.இ.டி. விளக்கையும் கவனியுங்கள். 3200 என்று பக்கத்தில் போட்டிருந்தால், அது 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். ஆயிரம் வாட் ஓடும்போது ஏறக்குறைய ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகும் ஒரு மினுக்கலுக்கு. “எங்க மீட்டர் வேகமா ஓடுது” என்பவர்களுக்கு இதை நின்று விளக்குவேன். எண்ணிப் பார்ப்பது மீட்டர் சோதனைக்கு ஈடாகாது. ஆனால் எந்தச் சாமான் எவ்வளவு இழுக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்க உதவும்.

பெரிய கடை, தொழிற்கூடங்களில் சி.டி. மீட்டர், அதாவது கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த மீட்டர் இருக்கும். முழு மின்னோட்டமும் மீட்டருக்குள் போகாது. மின்மாற்றி அதைக் குறைத்து அனுப்பும், பில் போடும்போது பெருக்கிக்கொள்வார்கள். 200/5 என்று இருந்தால் பெருக்கு எண் 40. மீட்டரில் வித்தியாசம் 312 என்றால் உண்மைச் செலவு 12,480 யூனிட். நீங்கள் ஓர் எண் தவறினால் அங்கே நாற்பது யூனிட் தவறும். பெருக்கல் உங்கள் வேலை இல்லை, மீட்டரில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். மீட்டர் பலகையில் உள்ள விகிதமும், ரீடிங்கைப் பதிய உங்கள் கையில் இருக்கும் கருவியில் உள்ளதும் பொருந்தவில்லை என்றால் படமெடுத்து அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

தண்ணீர் மீட்டருக்கு வருவோம். கறுப்பு எண்கள் கன மீட்டர், அதாவது ஒவ்வொன்றும் ஆயிரம் லிட்டர். சிவப்பு எண்களும் சிவப்பு முள்களும் அதன் பின்னங்கள். கண்ணாடி மங்கியிருக்கும், மண் மூடியிருக்கும். ஈரத்துணி இல்லாமல் தண்ணீர் ரூட்டுக்குப் போகவே முடியாது. குழிக்குள் கை விடுவதற்கு முன் மூடியைக் கொக்கியால் தூக்கிச் சற்று நகர்ந்து நின்று, டார்ச் அடித்துப் பாருங்கள். பாம்பு, தேள், குளவி மூன்றுக்கும் பிடித்த இடம் அது. மூடியை முதுகை வளைத்துத் தூக்காதீர்கள், முழங்காலை மடக்கி உட்கார்ந்து தூக்குங்கள். ஆள் இறங்குகிற அளவு ஆழமான தொட்டி என்றால் தனியாக இறங்கவே கூடாது. காற்று கெட்டுக் கிடக்கும். மணத்தால் அது தெரியாது.

தண்ணீர் மீட்டரின் முகத்தில் நட்சத்திரமோ முக்கோணமோ போன்ற ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். மிகக் குறைந்த ஓட்டத்துக்கும் அது சுற்றும். வீட்டில் எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது அது சுற்றினால் எங்கோ கசிகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தால் நாளுக்கு 1,440 லிட்டர், மாதத்துக்கு 43 கன மீட்டர். தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவின் வீட்டில் இந்தச் சக்கரம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. “குழாய் எதுவும் திறந்திருக்காம்மா?” என்றேன். இல்லை என்றார். கழிப்பறைத் தொட்டியில் கொஞ்சம் நீலச்சாயம் ஊற்றிவிட்டு, தண்ணீர் விடாமல் கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னேன். கீழே கிண்ணத்தில் நீலம் இறங்கியிருந்தது. அந்த வால்வை மாற்றியதும் அவருக்கு வந்துகொண்டிருந்த பெரிய பில் நின்றது. இதைச் செய்ய யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை. நீங்களும் செய்யுங்கள், வாசலில் நின்று சொல்ல அரை நிமிடம் போதும்.

கேஸ் மீட்டரில் படிக்கும் முறை அதேதான். ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று எழுதிய சோதனை முள்ளை மட்டும் விட்டுவிட வேண்டும். ஆனால் நாற்றம் அடித்தால் படிப்பதை நிறுத்துங்கள். குழாய் கேஸுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். காலிங் பெல் அடிக்காதீர்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், அங்கே நின்று போன் பேசாதீர்கள். கதவைத் தட்டி ஆட்களை வெளியே வரச் சொல்லிவிட்டு, தூரமாகப் போய் அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

முதலில் மீட்டரின் எண்

ரீடிங்கைப் பார்ப்பதற்கு முன் மீட்டரின் தொடர் எண்ணைப் பாருங்கள். குறைந்தது கடைசி நான்கு இலக்கத்தையாவது கருவியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அடுக்குமாடிகளில் ஒரே பலகையில் வரிசையாக மீட்டர்கள் இருக்கும், கீழே வீட்டு எண் எழுதிய பட்டைகள். அந்தப் பட்டைகளை நம்பவே கூடாது. ஒரு கட்டிடத்தில் வர்ணம் பூச வந்தவர்கள் பட்டைகளைக் கழற்றிவிட்டு, முடிந்ததும் கைக்கு வந்த வரிசையில் மாட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே போன ரீடர் பட்டையைப் பார்த்தே எழுதியிருந்தால் அத்தனை வீட்டுக் கணக்கும் கலங்கியிருக்கும். அன்றைக்குப் போன பெண் புதிதாகச் சேர்ந்தவர். தொடர் எண் பொருந்தவில்லை என்று முதல் மீட்டரிலேயே நின்றுவிட்டு எனக்குப் போன் செய்தார். ரொம்பப் பெருமையாக இருந்தது.

படம் எடுக்கும்போது தொடர் எண்ணும் ரீடிங்கும் ஒரே படத்தில் விழ வேண்டும். நேராக நின்று பிளாஷ் அடித்தால் கண்ணாடியில் வெளிச்சம் தெறித்து எண் மறையும். சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். எட்டாத உயரத்தில் இருக்கும் மீட்டருக்கு ஏணி தேடாதீர்கள், போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில மீட்டர்களில் ஆப்டிகல் கேபிளை முகப்பில் ஒட்டினால் ரீடிங் தானாகக் கருவிக்குள் வந்துவிடும். அப்போதும் திரையில் உள்ளதோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

வழக்கத்தைவிட மிகக் கூடவோ மிகக் குறையவோ இருந்தால் கருவி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தட்டி விட்டுவிட்டு நகர்கிற பழக்கம் வந்துவிட்டால் அப்புறம் போகாது. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் மறுபடி மீட்டரைப் பாருங்கள். எண் சரியாக இருந்தால் காரணம் ஏதாவது கண்ணில் படுகிறதா என்று சுற்றிலும் பாருங்கள். வீடு காலியாகக் கிடக்கலாம், கட்டிட வேலை நடக்கலாம், புதிதாக ஏ.சி. மாட்டியிருக்கலாம். ஒரே வரியில் குறிப்பு எழுதுங்கள். பில் பிரிவில் இருப்பவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

கேட்டுக்கு உள்ளே

அடையாள அட்டை சட்டைக்கு வெளியே தெரிய வேண்டும். கேட்டைத் திறப்பதற்கு முன் “மீட்டர் ரீடிங்!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். போன வழியிலேயே திரும்பி வாருங்கள், கேட்டை இருந்தபடியே மூடுங்கள். ஜன்னல் பக்கம் பார்வை போகக் கூடாது. வீட்டில் குழந்தைகள் மட்டும் இருந்தால் உள்ளே போக வேண்டாம், பெரியவர்கள் இருக்கும்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டு நகருங்கள். நீங்களே தயங்குகிற வீடாக இருந்தாலும் அப்படித்தான். பெண் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: மனசு சரியில்லை என்று சொன்னால் அந்த வீட்டைத் தாண்டிவிடுங்கள். நுழைய முடியவில்லை என்ற குறியீடு அதற்காகத்தான் இருக்கிறது, யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

நாய். கேட்டைக் குலுக்கிச் சத்தம் எழுப்பிவிட்டு நில்லுங்கள், இருந்தால் வந்துவிடும். தட்டு, சங்கிலி, மண்ணில் தோண்டிய குழி எல்லாம் அடையாளம். “ஒண்ணும் செய்யாது, வாங்க” என்று வீட்டுக்காரர் சொன்னாலும் கட்டிய பிறகுதான் உள்ளே போக வேண்டும். பாய்ந்து வந்தால் ஓடாதீர்கள். பையை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்னால் நகருங்கள். கடித்துவிட்டால், கீறல்தான் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள். ரூட்டை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருக்கவே கூடாது. எந்த வீட்டில் நாய் என்று கருவியில் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் அந்த ரூட்டில் வேறு பிள்ளை போகலாம்.

மீட்டர் பெட்டி இரும்பாக இருந்தால், தொடுவதற்கு முன் கம்பியைத் தொடாமலேயே மின்சாரத்தைக் காட்டும் சோதனைப் பேனாவை அருகில் காட்டிப் பாருங்கள். மழைக்கு நனைந்த பெட்டி, கருகிய வாசனை, உருகிய மூடி, இதில் எது இருந்தாலும் தள்ளி நின்று படமெடுத்து அனுப்புவதோடு உங்கள் வேலை முடிந்தது. கம்பி இணைக்கும் இடத்தின் மூடியை எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள்.

திருட்டின் அடையாளங்கள் கண்ணில் படத்தான் செய்யும். அறுந்த சீல், மீட்டரைச் சுற்றிப் போகும் தனிக் கம்பி, ஒட்டிவைத்த காந்தம், வீட்டில் எல்லாம் ஓடும்போது அசையாமல் நிற்கும் மீட்டர். அங்கே ஒரு வார்த்தை பேசாதீர்கள். முகத்திலும் காட்டாதீர்கள். வழக்கம்போல ரீடிங் எடுத்துவிட்டு, தெரு திரும்பிய பிறகு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். சீல் அறுந்ததற்கு எலியும் காரணமாக இருக்கலாம். தீர்ப்புச் சொல்ல வேறு ஆள் இருக்கிறார்கள்.

“கொஞ்சம் குறைச்சுப் போடுங்க” என்பார்கள். இதற்கு நான் கோபப்படுவதில்லை. கஷ்டத்தில்தான் பலர் கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில்: நான் குறைத்து எழுதினாலும் மீட்டரில் அந்த யூனிட் அப்படியேதான் இருக்கும், இன்னொரு மாதம் மொத்தமாக உங்கள் தலையில் விழும். தவணையில் கட்ட அலுவலகத்தில் வழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இதைப் பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள்.

பூட்டிய வீடு

இந்த வேலையில் எனக்குப் பேரம் இல்லாத ஒரே இடம் இது. வீடு பூட்டியிருந்தால் பூட்டியிருக்கிறது என்று குறியுங்கள். போன மாத வித்தியாசத்தைப் பார்த்து ஓர் எண்ணை ஊகித்துப் போடாதீர்கள். சராசரியில் பில் போட வேண்டும் என்றால் அலுவலகம் போட்டுக்கொள்ளும். பில்லில் அது சராசரி என்றே அச்சாகும், வீட்டுக்காரருக்கும் அப்படியே தெரியும். நீங்கள் ஊகித்துப் போட்டது உண்மையான ரீடிங்காக அச்சாகிறது. அதை நம்பி அவர் காசு கட்டுகிறார்.

இப்போதெல்லாம் படமும் நேரமும் இடமும் கருவியில் பதிவதால் மாட்டிக்கொள்வார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஊகித்த எண் கூடிவிட்டால் அடுத்த முறை உண்மையான ரீடிங் அதைவிடக் குறைவாக நிற்கும். அதைச் சமாளிக்க மறுபடி ஊகிக்க வேண்டும். மூன்று நான்கு முறை இப்படிப் போன பிறகு, மீட்டர் மாற்றும் நாளில் பழைய மீட்டரின் கடைசி எண்ணும் கணக்கும் எக்கச்சக்கமாக விலகி நிற்கும். அந்த நேரத்தில் மொத்தப் பில்லைக் கையில் வாங்கியவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

பூட்டிய வீட்டுக்கு உருப்படியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. எப்போது திறந்திருக்கும் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். காலையில் பூட்டியிருந்ததை மாலையில் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரே படமெடுத்து அனுப்பும் வசதி இருந்தால் அதற்கான சீட்டைக் கதவிடுக்கில் வையுங்கள். மூன்று முறை தொடர்ந்து பூட்டியிருந்தால் மீட்டரை வெளியே மாற்றப் பரிந்துரை எழுதுங்கள்.

இந்த வேலை எத்தனை நாளைக்கு?

இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கையால் ரீடிங் எடுக்கும் வேலை சுருங்கிக்கொண்டு வருகிறது. இத்தாலியில் எனல் நிறுவனம் 2001-இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்களை மாட்டியது. இந்தியாவில் 2021-இல் ஒப்புதல் பெற்ற திட்டத்தின் இலக்கு 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர்கள். தண்ணீர் மீட்டர்களிலும் தெருவில் நடந்தபடியோ வண்டியில் போனபடியோ ரேடியோவில் ரீடிங் வாங்கும் முறை பரவுகிறது.

அதற்காக வராதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முன் அனுபவம் இல்லாமல் இந்தத் துறைக்குள் நுழைய இது இன்னும் நல்ல வாசல். ஆனால் நுழைந்த அன்றிலிருந்தே அடுத்த அறையைப் பார்த்து வையுங்கள். ஸ்மார்ட் மீட்டரை மாட்ட ஆள் வேண்டும். சிக்னல் கிடைக்காத மீட்டரைத் தேடிப் போக ஆள் வேண்டும். தானாக வந்த ரீடிங்கில் எது பொருந்தவில்லை என்று பார்க்க ஆள் வேண்டும். நூற்றுக்கணக்கான வீடுகளின் செலவைக் கண்ணால் பார்த்துப் பழகிய ரீடர் அந்த வேலையில் சீக்கிரம் தேறுவார். மின்திருட்டுப் பிரிவு, பில் பிரிவு, இணைப்புப் பிரிவு எல்லாவற்றிலும் ரூட் நடந்தவர்களுக்கு மதிப்பு உண்டு. மின்பணியாளர் சான்றிதழ் படிப்பில் சேருங்கள். குழாய் வேலையில் ஆர்வம் என்றால் அந்தப் பக்கம் படியுங்கள். கணினியில் அட்டவணை போட்டுக் கணக்குப் பார்க்கவும் பழகுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், காசே செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பழுது என்று நீங்கள் குறித்த மீட்டரைச் சரிசெய்ய டெக்னீஷியன் போகும் நாளை சூப்பர்வைசரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதி வாங்கி, உங்கள் ஓய்வு நேரத்தில் கூடப் போங்கள். மூடியைத் திறந்ததும் அவர் முதலில் எதைத் தொடுகிறார், எந்தக் கருவியால் என்ன அளக்கிறார், ஏன் அந்த மீட்டர் நின்றது என்று கேளுங்கள். பெரும்பாலான டெக்னீஷியன்கள் ஆர்வமாகவே சொல்லித் தருவார்கள். அவர்களிடம் இதையெல்லாம் கேட்கிறவர்கள் குறைவு.